பச்சிளம் குழந்தையின் சென்ட்ரல் லைன் டிரெஸ்ஸிங்கை எப்போது மாற்ற வேண்டும்?

பெரியவர்களின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்தக் கேள்விக்குச் சுருக்கமாகவே விடை சொல்லிவிடலாம். சென்ட்ரல் லைன் எனப்படும், இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரைவரை செல்லும் மையச் சிரைக் குழாயின் மேல் ஒட்டப்படும் ஒளிபுகும் டிரெஸ்ஸிங்கை 7 நாட்களுக்கு ஒருமுறையும், காஸ் துணியாலான டிரெஸ்ஸிங்கை 2 நாட்களுக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும். நனைந்தாலோ, அழுக்கானாலோ, தளர்ந்தாலோ அதற்கு முன்பே மாற்ற வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையங்கள் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதைத்தான் சொல்கின்றன. ஆனால் அதே பரிந்துரைக்குள் ஒரு விலக்கும் இருக்கிறது. டிரெஸ்ஸிங்கை மாற்றுவதால் கிடைக்கும் பயனைவிடக் குழாய் நழுவிவிடும் ஆபத்து மிகுதியாக இருக்கக்கூடிய குழந்தைகளுக்கு இந்த நாள் கணக்கு கட்டாயமில்லை. பச்சிளம் குழந்தைகள் பிரிவில் பணிபுரியும் செவிலியரின் வேலை பெரும்பாலும் இந்த விலக்குக்குள்தான் நடக்கிறது. அங்கே முடிவெடுக்க உதவுவது நாள்காட்டியைவிடக் கூர்ந்த பார்வைதான். அந்தப் பார்வை எதையெல்லாம் தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

குறைமாதக் குழந்தைகளுக்குப் பொதுவாகப் பயன்படுவது, கை, கால் அல்லது தலையின் மேலோட்டமான சிரை ஒன்றின் வழியே செலுத்தி, முனை இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரையில் நிற்கும்படி வைக்கப்படும் மெல்லிய குழாய். சிகிச்சைப் பிரிவுகளில் இதைப் பிக் லைன் என்பார்கள். மிகச் சிறிய குழந்தைகளுக்கான குழாயின் வெளிவிட்டம், குழாய்களின் தடிமனை அளக்கும் பிரெஞ்சு என்ற அலகில் 1, அதாவது ஏறத்தாழ 0.33 மி.மீ.; சற்றுப் பெரியது 2 பிரெஞ்சை ஒட்டி, 0.67 மி.மீ. அளவில் இருக்கும். வாயால் பால் குடிக்க இயலாத குழந்தைக்குச் சிரைவழி ஊட்டமும், சிறு நாளங்களை அரிக்கக்கூடிய மருந்துகளும் இந்த இழையின் வழியாகத்தான் வாரக்கணக்கில் செல்கின்றன. பெரியவர்களுக்கு வைக்கப்படும் குழாய்களைத் தோலோடு தைத்து நிறுத்துவது உண்டு. இந்தக் குழாய்களைப் பொதுவாகத் தைப்பதில்லை. ஆகவே குழந்தையின் டிரெஸ்ஸிங் கிருமிகளைத் தடுக்கும் மூடி மட்டுமன்று. குழாயை இடத்தில் பிடித்து வைத்திருக்கும் முதன்மையான பிடிப்பும் அதுவே. அதை உரித்தெடுக்கும் அந்தச் சில நிமிடங்களில் குழாய் ஏறக்குறையப் பிடிப்பின்றிக் கிடக்கிறது.

ஒட்டப்படும் தோலும் வேறு வகையானது. முதிர்ந்த மேல்தோலின் வெளிப்புறத்தில் இறந்த உயிரணுக்களாலான காப்பு அடுக்கு 10 முதல் 20 படலங்கள் கொண்டதாக இருக்கும். 30 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தையிடம் அது இரண்டு மூன்று படலங்களாகச் சுருங்கியிருக்கக்கூடும். 24 வாரங்களை ஒட்டிப் பிறந்தவர்களிடம் அந்த அடுக்கு உருவாகத் தொடங்கும் நிலையிலேயே இருக்கும். மேல்தோலையும் உள்தோலையும் பிணைக்கும் நுண்ணிழைகளும் குறைவு. இதன் விளைவைச் செவிலியர்கள் நன்கறிவார்கள்: பிளாஸ்டரின் பசை மேல்தோலைப் பற்றும் வலிமை, மேல்தோல் உள்தோலைப் பற்றும் வலிமையை மிஞ்சிவிடுகிறது. உரிக்கும்போது பிளாஸ்டரோடு தோலும் வந்துவிடுகிறது. அப்படித் தோல் உரிந்த இடம் வலி தருவதோடு நிற்பதில்லை; உடல் நீர் வெளியேறும் வாயிலாகவும், நுண்ணுயிரிகள் உள்ளே புகும் வாயிலாகவும் அது மாறிவிடுகிறது. தொற்றைத் தடுப்பதற்காகச் செய்த ஒரு மாற்றம், தொற்றுக்கான வழியைக் குழாயின் அருகிலேயே திறந்துவிடக்கூடும் என்பதுதான் இங்குள்ள சிக்கல்.

அப்படியானால் டிரெஸ்ஸிங்கைத் தொடாமலே விட்டுவிடலாமா என்றால், அதுவும் இயலாது. நுண்ணுயிரிகள் மையக் குழாயின் வழியே இரத்தத்தை அடைய இரண்டு முக்கியப் பாதைகள் உள்ளன. ஒன்று, குழாய் நுழையும் இடத்தில் தோலில் வாழ்பவை குழாயின் வெளிச்சுவரைப் பற்றி உள்ளே ஊர்ந்து செல்வது. மற்றொன்று, மருந்து செலுத்துவதற்காகக் குழாயின் இணைப்பு முனையைத் திறந்து மூடும்போது அவை உட்புறமாகப் புகுவது. குழாய் வைத்த முதல் நாட்களில் வெளிச்சுவர்ப் பாதை முக்கியமானது. குழாய் நீண்ட நாள் இருக்க இருக்க, இணைப்பு முனையின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. தோலில் இயல்பாக வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற பாக்டீரியாக்கள் இந்தக் குழந்தைகளின் இரத்த ஓட்டத் தொற்றுக்கு அடிக்கடி காரணமாவதில் வியப்பில்லை. முழுமையாக ஒட்டியிருக்கும் டிரெஸ்ஸிங் முதல் பாதையை அடைக்கிறது. அதன் ஓரம் குழாய் நுழையும் இடம்வரை கிளம்பிவிட்டால் அந்த அடைப்பு இல்லாமற் போகிறது. பெரியவர்களிடையே பிரான்சில் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வொன்று, டிரெஸ்ஸிங் பெயர்ந்துபோவதே குழாய்வழித் தொற்றுக்குப் பெரியதோர் ஆபத்துக் காரணி என்று காட்டியது. குழந்தைகளுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது என்றாலும், அடிப்படைத் தர்க்கம் மாறுவதில்லை.

ஆகவே மாற்றுவதற்கான காரணங்களை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். டிரெஸ்ஸிங்கின் அடியில் ஈரம், சீழ், தேங்கிய இரத்தம் தெரிந்தால் மாற்ற வேண்டும். ஓரம் கிளம்பி, அந்தப் பிளவு குழாய் நுழையும் துளையை எட்டிவிட்டால் மாற்ற வேண்டும். குழாயின் சுருள் அவிழ்ந்து, டிரெஸ்ஸிங்குக்கு வெளியே இழுபடும் நிலையில் இருந்தால் மாற்ற வேண்டும். நுழைவிடத்தில் சிவப்போ வீக்கமோ தெரிந்து, உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் திறந்து பார்த்தாக வேண்டும் என்றால் மாற்ற வேண்டும். இவை எதுவும் இல்லாமல், விளிம்புகள் நான்கும் படிந்து, உள்ளே உலர்ந்து, நுழைவிடம் தெளிவாகத் தெரிகிறது என்றால், ஏழாம் நாள் வந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக 800 கிராம் குழந்தையின் டிரெஸ்ஸிங்கை உரிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பல பச்சிளம் குழந்தைகள் பிரிவுகளின் நடைமுறையும் இதுவே. ஆனால் இந்தச் சலுகை, நாள்தோறும் ஒவ்வொரு பணிநேரத்திலும் உண்மையாகவே உற்றுப் பார்க்கிறவர்களுக்கு மட்டுமே உரியது. பார்க்காமல் விட்டுவைப்பது வேறு, பார்த்து முடிவெடுத்து விட்டுவைப்பது வேறு. பதிவேட்டில் இரண்டும் ஒரே மாதிரி தோன்றலாம் என்பதால், விட்டுவைத்ததற்கான காரணத்தையும் எழுதிவைப்பது நல்லது.

இதற்கு நேர்மாறான பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஓரம் கிளம்பிய டிரெஸ்ஸிங்கின் மேல் இன்னொரு பிளாஸ்டர் துண்டை ஒட்டி, அப்போதைக்குச் சமாளித்துவிடுவது. வேலைப்பளு மிகுந்த இரவில் இது எவருக்கும் தோன்றக்கூடியதுதான். ஆயினும் உள்ளே புகுந்த ஈரமும் நுண்ணுயிரிகளும் புதிய துண்டின் அடியில் அப்படியே அடைபட்டுக் கிடக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ எல்லாம் சீராக இருப்பதாகத் தோன்றுகிறது. கிளம்பிய டிரெஸ்ஸிங்கைவிட, கிளம்பியது தெரியாமல் மறைக்கப்பட்ட டிரெஸ்ஸிங் ஆபத்தானது.

குழாய் வைத்த முதல் நாள் தனிக் கவனம் பெற வேண்டிய நாள். ஊசி நுழைந்த துளையின் விட்டம் குழாயைவிடச் சற்றுப் பெரியது. ஆதலால் முதல் சில மணி நேரம் இரத்தம் கசிவது இயல்பு. அந்தக் கசிவு நிற்கும்வரை மெல்ல அழுத்திப் பிடித்திருந்துவிட்டு டிரெஸ்ஸிங் ஒட்டினால், அடுத்த நாளே உரிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது. அவசரத்தில் கசியும்போதே மூடிவிட்டால், தேங்கிய இரத்தம் நுண்ணுயிரிகளுக்கு நல்ல உணவாகிவிடுகிறது. அதை மாற்றாமல் விடவும் முடியாது. கசிவை உறிஞ்சுவதற்காகக் காஸ் துணியை அடியில் வைத்தால், ஒளிபுகும் மூடியின் முக்கியப் பயனான பார்வை மறைந்துவிடுகிறது. அப்படி வைத்த டிரெஸ்ஸிங்கைக் காஸ் டிரெஸ்ஸிங்காகவே கருதி, 2 நாட்களுக்குள் மாற்ற வேண்டும்.

மாற்றுவது என்று முடிவானதும் எழும் அடுத்த கேள்வி, தோலை எதைக் கொண்டு தூய்மை செய்வது என்பது. பச்சிளம் குழந்தைகளின் பராமரிப்பில் இன்றும் ஒருமித்த விடை கிடைக்காத கேள்விகளுள் இதுவும் ஒன்று. பெரியவர்களுக்கு ஆல்கஹாலில் கரைத்த குளோர்ஹெக்சிடின்தான் முதல் தேர்வு. குறைமாதக் குழந்தையின் தோலிலோ அது, அதிலும் குறிப்பாக ஆல்கஹால் கலந்த கரைசல், வேதிப்பொருளால் ஏற்படும் தீக்காயம் போன்ற புண்களை உண்டாக்கியிருக்கிறது. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012-இல் இந்தப் பொருட்களின் எச்சரிக்கை வாசகத்தை மாற்றி, குறைமாதக் குழந்தைகளிடமும் 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளிடமும் எச்சரிக்கையோடு பயன்படுத்துமாறு கூறியது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2014-இல் குறைமாதக் குழந்தைகளின் தோல் புண்கள் குறித்து எச்சரித்தது. மேற்சொன்ன 2011-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளோ, 2 மாதத்துக்குட்பட்டவர்களிடம் குளோர்ஹெக்சிடினின் பாதுகாப்பு குறித்துப் பரிந்துரை எதுவும் செய்ய இயலாது என்றே நிறுத்திக்கொண்டன. மாற்றாகப் பயன்படும் பொவிடோன் அயோடினுக்கும் அதற்கே உரிய குறை உண்டு. மெல்லிய தோலின் வழியே அயோடின் இரத்தத்தில் கலந்து, வளரும் தைராய்டுச் சுரப்பியின் வேலையைத் தற்காலிகமாக ஒடுக்கிவிடக்கூடும். உடல் எடையோடு ஒப்பிடும்போது இந்தக் குழந்தைகளின் தோல் பரப்பு பெரிது என்பதால், சிறு அளவும் பொருட்படுத்த வேண்டியதாகிவிடுகிறது.

எந்தக் கரைசலைத் தேர்வது என்பதை அந்தந்தப் பிரிவு, குழந்தையின் கர்ப்ப வாரத்தையும் பிறந்தபின் கடந்த நாட்களையும் கணக்கிட்டு முடிவு செய்து எழுதிவைத்திருக்க வேண்டும். ஆனால் எது தேர்ந்தெடுக்கப்பட்டாலும், புண்கள் பெரும்பாலும் கரைசலின் பெயரைவிடப் பயன்படுத்தும் விதத்தாலேயே நேர்கின்றன என்பது கவனிக்கத்தக்கது. தேவைக்கு மேல் ஊற்றப்பட்ட கரைசல் வழிந்து முதுகின் அடியிலும், அக்குளிலும், தொடை மடிப்பிலும் தேங்குகிறது. அது படிந்த துணியின் மேல் குழந்தை மணிக்கணக்கில் படுத்திருக்கிறது. பஞ்சில் பிழிந்து சிறு அளவே எடுப்பது, வழிந்ததை உடனே ஒற்றியெடுப்பது, நனைந்த விரிப்பை அகற்றுவது, கரைசல் முழுவதும் காயும்வரை காத்திருப்பது ஆகியவை எளிய செயல்களே. காத்திருக்கும் நேரம் கரைசலுக்குக் கரைசல் மாறும்: ஆல்கஹால் கலந்தது அரை நிமிடத்தில் காயக்கூடும், பொவிடோன் அயோடின் வேலை செய்ய 2 நிமிடங்களாவது ஆகும். இன்குபேட்டரின் ஈரப்பதத்தில் இந்த நேரம் இன்னும் நீளும். விசிறியோ ஊதியோ காய வைப்பது கூடாது. அயோடினைக் காய்ந்தபின் கிருமி நீக்கிய நீராலோ சலைனாலோ துடைத்துவிட வேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டிய மூடி ஒருபுறம் ஒட்டாது. மறுபுறம் கரைசலைத் தோலோடு சேர்த்து அடைத்துவைத்துப் புண்ணாக்கும்.

குளோர்ஹெக்சிடின் ஊறிய டிரெஸ்ஸிங்குகள் பெரியவர்களிடம் தொற்றைக் குறைத்திருப்பதால், குழந்தைகளுக்கும் ஏன் கூடாது என்ற கேள்வி இயல்பாகவே எழும். 2001-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 705 பச்சிளம் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். குழாயில் நுண்ணுயிரிகள் குடியேறுவது குறைந்தது; ஆனால் இரத்த ஓட்டத் தொற்று குறையவில்லை. இந்த டிரெஸ்ஸிங் ஒட்டப்பட்ட 1,000 கிராமும் அதற்குக் குறைவான எடையும் கொண்ட குழந்தைகளில் சுமார் 15 சதவீதத்தினருக்குத் தோல் அழற்சி ஏற்பட்டது. இதையும் வேறு இரு ஆய்வுகளையும் சேர்த்து 855 குழந்தைகளின் தரவை அலசிய, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, 2016-இல் ஏறக்குறைய இதே முடிவுக்குத்தான் வந்தது. 2017-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையங்கள் குறைமாதக் குழந்தைகளுக்கு இவற்றைப் பரிந்துரைக்கவில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தன. பெரியவர்களுக்குப் பயன்பட்டது என்பதே சின்னஞ்சிறு குழந்தைக்கும் பயன்படும் என்பதற்குச் சான்றாகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

இனி மாற்றும் செயலுக்கு வருவோம். இதை ஒருவர் தனியாகச் செய்யக் கூடாது. ஒருவர் குழந்தையின் கையையோ காலையோ அசையாமல் பிடித்து, உடலை அணைத்து ஒடுக்கி அமைதிப்படுத்த, மற்றொருவர் கிருமி நீக்கிய கையுறையும் முகக்கவசமும் அணிந்து வேலையைச் செய்ய வேண்டும். குழந்தையின் நிலை அனுமதித்தால், 2 நிமிடம் முன்னதாகச் சில துளி 24 சதவீதச் சர்க்கரைக் கரைசலைக் கொடுப்பதும், சப்புவதற்கு ஏதேனும் கொடுப்பதும் வலியைத் தணிக்கும். ஆக்சிஜன் அளவும் வெப்பநிலையும் குறையாமல் பார்த்துக்கொள்ளவும் அந்த இரண்டாம் நபர் வேண்டும். வேண்டிய பொருட்கள் அனைத்தையும் முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்வது, இன்குபேட்டரின் கதவு திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்கும்.

உரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, தோலுக்கு வெளியே குழாய் எவ்வளவு நீளம் தெரிகிறது என்பதை அளந்து, வைத்த நாளில் பதிந்த அளவோடு ஒப்பிடுவது. பின்னர் மூடியை மெதுவாக, தோலோடு ஒட்டினாற்போல் தாழ்வாக வைத்து உரிக்க வேண்டும். செங்குத்தாகத் தூக்கி இழுக்கக் கூடாது. சில வகை மெல்லிய மூடிகளைத் தோலுக்கு இணையாகப் பக்கவாட்டில் இழுத்து நீட்டினால் பசை தானாகவே விடும். இன்னொரு கையின் விரல், விடுபடும் தோலை அடுத்தடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். உரிக்கும் திசை குழாய் நுழையும் இடத்தை நோக்கி இருந்தால், குழாய் வெளியே இழுபடும் வாய்ப்பு குறையும். சலைனில் நனைத்த பஞ்சோ சிலிக்கோன் கலந்த பசைநீக்கியோ உதவும். எண்ணெய்ப் பசையைத் தோலில் விட்டுச்செல்லும் நீக்கிகளைத் தவிர்க்க வேண்டும். அந்தப் பசையின் மேல் புதிய மூடி பிடிக்காது. பசை ஒட்டும் தன்மையைக் கூட்டுவதற்கென்று விற்கப்படும் டிங்க்சர்களை இந்தத் தோலில் தடவுவது, அடுத்த முறை உரிக்கும்போது தோலையே பறித்துவிடும். ஆல்கஹால் இல்லாத, சிலிக்கோன் வகைத் தோல் காப்புப் படலம் ஒன்றைத் தடவிக் காயவிட்டு அதன்மேல் ஒட்டுவது பல பிரிவுகளில் வழக்கமாகியுள்ளது.

புதிதாக ஒட்டும்போது குழாயின் எஞ்சிய நீளத்தை மடிப்போ முறுக்கோ விழாமல் சிறு சுருளாக வைத்து, கிருமி நீக்கிய மெல்லிய ஒட்டுப் பட்டைகளால் நிறுத்தி, அதன்மேல் ஒளிபுகும் மூடியை இடைவெளியில்லாமல் படிய வைக்க வேண்டும். நுழைவிடத்தின்மேல் பட்டைகள் விழக் கூடாது. நாளை அதைப் பார்த்தாக வேண்டும். குழாயின் தடித்த இணைப்பு முனையின் அடியில் மென்மையான பாதுகாப்புத் தகடு ஒன்றை வைக்காவிட்டால், சில நாட்களிலேயே அதன் வடிவத்தில் தோலில் அழுத்தப் புண் விழும். மூடியோ பிளாஸ்டரோ கையையோ காலையோ முழுவதும் சுற்றிவரக் கூடாது. இன்று தளர்வாகத் தெரியும் சுற்று, நாளை குழந்தையின் கை வீங்கும்போது இறுகிவிடும்.

வெளிநீளத்தை அளப்பதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. குழாய் ஒரு சென்டிமீட்டர் வெளியே வந்தால், முனை பெருஞ்சிரையை விட்டு நகர்ந்து சிறிய நாளமொன்றில் நின்றுவிடலாம். அடர்த்தியான ஊட்டக் கரைசல் அங்கே நாளத்தைப் புண்ணாக்கும். ஒரு சென்டிமீட்டர் உள்ளே போனால் முனை இதய அறைக்குள் சென்று, அறைச்சுவரை அரித்து, இதய உறைக்குள் திரவம் தேங்கச் செய்யக்கூடும். பிரிட்டனில் இப்படி இறந்த 4 குழந்தைகளைப் பற்றிச் சுகாதாரத் துறை நடத்திய மறுஆய்வு 2001-இல் வெளியாகி, முனை இதயத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதை அழுத்தமாகக் கூறியது. கையில் வைத்த குழாயின் முனை, கையை உடலோடு சேர்ப்பதாலும் முழங்கையை மடக்குவதாலும்கூட நகர்கிறது. எந்தச் சிரை என்பதைப் பொறுத்து நகரும் திசை மாறும். ஆகவே டிரெஸ்ஸிங் மாற்றியபின் அளவில் வேறுபாடு தெரிந்தால், மருத்துவரிடம் தெரிவித்து எக்ஸ்ரே எடுக்கும்வரை ஊட்டக் கரைசலைத் தொடரலாமா என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வெளியே வந்த பகுதியை ஒருபோதும் மீண்டும் உள்ளே தள்ளக் கூடாது. மையக் குழாய் உள்ள குழந்தையின் நிலை காரணமின்றித் திடீரென மோசமானால், இதய உறையில் திரவம் சேர்ந்திருக்கலாம் என்ற ஐயம் முதல் சில நிமிடங்களிலேயே எழ வேண்டும்.

தொப்புள் வழியே வைக்கப்படும் குழாய்களுக்கு இந்த விவரங்கள் அப்படியே பொருந்துவதில்லை. உலர்ந்து சுருங்கும் ஈரத் தொப்புள் கொடியின்மேல் மூடி எதுவும் நெடுநேரம் நிற்காது. அதனால் வயிற்றுத் தோலில் அடிப்படைப் பட்டை ஒட்டி, அதிலிருந்து பாலம்போல எழும் பிளாஸ்டரால் குழாயைப் பிடித்து, தொப்புளைத் திறந்தே வைப்பது வழக்கம். நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்புகளை அங்கே தடவுவது பூஞ்சைத் தொற்றையும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களையும் வளர்க்கும் என்பதால் தவிர்க்கப்படுகிறது.

மாற்றாத நாட்களில் செய்வதுதான் இந்தப் பராமரிப்பின் பெரும்பகுதி. சொட்டு மருந்து ஓடும்போது மணிக்கொருமுறை நுழைவிடத்தையும், அதற்கு மேல் குழாய் செல்லும் பாதையையும், முனை நிற்கும் பகுதியையும் பார்க்க வேண்டும். இரு கைகளையோ கால்களையோ ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தொடக்கநிலை வீக்கம் தெரியும். கழுத்தும் மார்பும் வீங்குவது, தொடையில் நிறம் மாறுவது, நாளத்தை ஒட்டிக் கோடாகச் சிவப்பது ஆகியவை டிரெஸ்ஸிங்குக்கு வெளியே தெரியும் அறிகுறிகள். இணைப்பு முனையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் 15 நொடிகளாவது அழுத்தித் தேய்த்துத் துடைத்துக் காயவிடுவது, எவ்வளவு நேர்த்தியாக ஒட்டிய மூடியாலும் தடுக்க முடியாத அந்த இரண்டாம் பாதையை அடைக்கும். 10 மி.லி.க்கும் சிறிய சிரிஞ்சுகள் உண்டாக்கும் அழுத்தம் இந்த மெல்லிய குழாயைத் தோலுக்கு அடியிலேயே வெடிக்கச் செய்யக்கூடும்; டிரெஸ்ஸிங்கின் அடியில் திடீரெனத் தென்படும் ஈரத்துக்கு இதுவும் ஒரு காரணம். இவற்றோடு, இந்தக் குழாய் இன்றும் தேவையா என்ற கேள்வியை நாள்தோறும் மருத்துவக் குழுவின் முன்வைப்பதும் செவிலியரின் வேலைதான்.

தேவை முடிந்து குழாயை எடுக்கும்போதும் உரித்தலின் அதே விதிகள்தான். குழாயைச் சிறிது சிறிதாக, நுழைவிடத்துக்கு அருகிலேயே பிடித்து இழுக்க வேண்டும். தடை தெரிந்தால், நாளம் சுருங்கியிருக்கலாம். வலிந்து இழுத்தால் இழை அறுந்து ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிடும். அப்போது கிருமி நீக்கிய மூடியால் மறுபடி பாதுகாத்துவிட்டு, அந்த உறுப்பை மிதமான சூட்டில் வைத்து, சிறிது நேரம் கழித்து மீண்டும் முயல வேண்டும். குழாய் வெளிவந்ததும் துளையின்மேல் சிறிய காஸ் துண்டை வைத்து மூடிவிட்டு, குழாயை அளந்து, வைத்த நாளில் பதிந்த முழு நீளத்தோடும் அது பொருந்துகிறதா என்று சரிபார்த்து எழுத வேண்டும்.